மூளையைப் படம் பிடிக்கும் பேராசிரியர் மருத்துவர்: அவருடைய வேலைதான் என்ன?

1920களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றுக்கு 26 வயது மாலுமி ஒருவர் வந்தார். தலைவலி, மங்கிக்கொண்டே போகும் பார்வை, கூடவே பின்மண்டைக்குள் ஓயாத ஒரு சத்தம். மருத்துவ வரலாற்றில் அவரை வால்ட்டர் கே. என்று குறிப்பிடுகிறார்கள். புகழ்பெற்ற மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் மண்டையோட்டைத் திறந்து பார்த்தார். பார்வையைக் கவனிக்கும் பகுதியில் ரத்தக்குழாய்கள் கொத்தாகப் பின்னிக் கிடந்தன. அவற்றை எடுக்க வழியில்லை. ஆனால் எலும்பு எடுத்த இடத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்தால், உள்ளே ரத்தம் பாயும் ஓசை இப்போது வெளியிலேயே கேட்டது.

வால்ட்டர் ஒன்றைக் கவனித்திருந்தார். கண்ணைப் பயன்படுத்தும்போது அந்தச் சத்தம் கூடுகிறது என்றார். ஜான் ஃபுல்ட்டன் என்ற இளம் மருத்துவர் இதைக் காதில் போட்டுக்கொண்டார். செய்தித்தாளின் பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னார், சத்தம் உயர்ந்தது. புகையிலையையும் வனிலாவையும் முகரச் சொன்னார். ஒரு மாற்றமும் இல்லை. 1928இல் இதைக் கட்டுரையாக எழுதினார். மனிதன் ஒரு வேலையில் மனத்தைச் செலுத்தும்போது, அந்த வேலைக்குரிய மூளைப் பகுதிக்கு ரத்தம் கூடுதலாக ஓடுகிறது என்பதற்கு இது நேரடிச் சாட்சி.

இன்று மூளை ஸ்கேன் என்றதும் நம் நினைவுக்கு வரும் சிவப்பு மஞ்சள் திட்டுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். அந்தத் திட்டுகளில் பெரும்பாலானவை ரத்த ஓட்டத்தைக் காட்டுகின்றன. நினைப்பை நேராகப் படம் பிடிக்கும் எந்திரம் எதுவும் இல்லை. ரத்தத்தைப் பார்த்து நினைப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்றால், இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். அந்த ஆளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

'அகாடமிக் ஃபிசிஷியன்' என்று சொல்லப்படுபவர் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருக்கும் மருத்துவர். வாரத்தில் சில நாள் நோயாளிகளைப் பார்ப்பார். மாணவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் கற்றுக்கொடுப்பார். மீதி நேரத்தில் ஆய்வு செய்வார். தனியாக கிளினிக் வைத்திருக்கும் மருத்துவருக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசம் அந்த மூன்றாவது பங்கில் இருக்கிறது. நோயாளியிடம் எழுந்த கேள்விக்குப் பதில் புத்தகத்தில் இல்லையென்றால், அதைத் தேடிப் போவது இவருடைய வேலை. சம்பளத்திலும் நேரத்திலும் அதற்கு இடம் ஒதுக்கியிருப்பார்கள்.

மூளைப் படத் துறைக்குள் பல வாசல்கள் வழியாக வரலாம். படத்தைப் படித்து 'இங்கே கட்டி, இங்கே ரத்தக் கசிவு' என்று அறிக்கை தருபவர் ரேடியாலஜிஸ்ட். அதில் மூளைக்கென்றே மேற்படிப்பு முடித்தவர் நியூரோ ரேடியாலஜிஸ்ட். கதிரியக்க மருந்தை உடலுக்குள் செலுத்திப் படம் எடுப்பவர் நியூக்ளியர் மெடிசின் மருத்துவர். நரம்பியல் மருத்துவராகவோ மனநல மருத்துவராகவோ பயிற்சி பெற்று, ஸ்கேனை ஆய்வுக் கருவியாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. நான் விரிவாகச் சொல்லப்போகும் மார்கஸ் ரெய்க்லி இந்தக் கடைசி வகை. இப்படிப்பட்ட ஒரு வாழ்க்கை எப்படிப் போகும் என்று கேட்பவர்களுக்கு, பொதுவாகச் சொல்வதைவிட அவருடைய கதையைச் சொல்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

ரெய்க்லி 1937இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஹோக்வியம் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். 1964இல் மருத்துவப் பட்டம் வாங்கினார். நம் ஊரில் ப்ளஸ் டூ முடித்த கையோடு எம்.பி.பி.எஸ். சேரலாம். அமெரிக்காவில் முதலில் வேறொரு பட்டப்படிப்பு, பிறகுதான் நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பு. அப்புறம் சில ஆண்டுகள் 'ரெசிடென்சி'. ஒரு துறையில், மூத்த மருத்துவர்களின் கண்காணிப்பில், வார்டிலேயே வாழ்வது மாதிரியான பயிற்சி அது. ரெய்க்லி நியூயார்க்கில் ஃப்ரெட் பிளம் என்ற நரம்பியல் மருத்துவரிடம் பயின்றார். கோமாவைப் பற்றி ஆழமாக ஆராய்ந்தவர் பிளம். நினைவிழந்து கிடக்கும் மனிதரின் மூளைக்குள் ரத்தமும் ஆக்சிஜனும் எப்படி இருக்கின்றன என்ற கேள்வி அந்த வார்டில் தினமும் எழும் கேள்வி. ரெய்க்லி வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்வியை விடவில்லை.

இரண்டு ஆண்டுகள் அமெரிக்க விமானப்படையில் மருத்துவராக இருந்துவிட்டு, 1971இல் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். (பெயர்தான் வாஷிங்டன், ஊர் மிசௌரி மாநிலத்தில் இருக்கிறது.) அவர் அங்கே போனதற்கு ஒரு காரணம் மிஷேல் தெர்-பொகோசியன் என்ற இயற்பியலாளர். பெர்லினில் ஆர்மேனியப் பெற்றோருக்குப் பிறந்து பிரான்சில் வளர்ந்த இவர், மருத்துவ மையத்துக்குள்ளேயே ஒரு சைக்ளோட்ரானை நிறுவியிருந்தார். அணுத்துகள்களை வேகமாகச் சுழற்றி மோதவிட்டுப் புதிய கதிரியக்கப் பொருள்களை உண்டாக்கும் எந்திரம் அது. அதை ஏன் மருத்துவமனைக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும்?

பதில் ஆக்சிஜன்-15 என்ற பொருளில் இருக்கிறது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன்தான், ஆனால் நிலையில்லாதது. சுமார் இரண்டு நிமிடத்தில் பாதி அழிந்துவிடும்; அடுத்த இரண்டு நிமிடத்தில் மீதியில் பாதி. வேறு ஊரில் தயாரித்து வண்டியில் ஏற்றி அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை. தயாரித்த உடனே தண்ணீராக மாற்றி, நோயாளியின் கை ரத்தக்குழாயில் செலுத்தியாக வேண்டும். அதே அவசரம்தான் அதன் நன்மையும். சீக்கிரம் அழிவதால் உடலில் தங்கும் கதிரியக்கம் குறைவு. சுமார் பத்து நிமிடம் காத்திருந்தால், அதே ஆளுக்கு அடுத்த படத்தையும் எடுத்துவிடலாம்.

ரெய்க்லி சேர்ந்த அதே 1971 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டனில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேனர் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தது. மண்டையைத் திறக்காமல் மூளையை அடுக்கடுக்காகப் பார்க்க முடியும் என்று உலகத்துக்குத் தெரிந்தது. செயின்ட் லூயிஸ் குழுவுக்கு உடனே ஒரு யோசனை. சி.டி.யில் எக்ஸ் கதிர் வெளியிலிருந்து உள்ளே போகிறது. உள்ளே செலுத்திய கதிரியக்கப் பொருளிலிருந்து வெளியே வரும் கதிர்களைச் சுற்றிலும் நின்று பிடித்தால், அதே கணக்கைப் போட்டு வேறு வகைப் படம் பெறலாமே! தெர்-பொகோசியன், மைக்கேல் ஃபெல்ப்ஸ், எட்வர்ட் ஹாஃப்மன் ஆகியோர் 1970களின் நடுவில் இதைச் செய்துகாட்டினார்கள். அதுதான் பெட் ஸ்கேன். ஆக்சிஜன்-15 அழியும்போது பாசிட்ரான் என்ற துகள் வெளிவரும். அது ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் மறைந்து, இரண்டு காமா கதிர்கள் நேரெதிர்த் திசைகளில் பறக்கும். தலையைச் சுற்றி வளையமாக வைத்த கருவிகளில் எதிரெதிரே இரண்டு கருவிகள் ஒரே நொடித்துளியில் மின்னினால், கதிரியக்கப் பொருள் அந்த இரண்டுக்கும் இடையிலான கோட்டில் எங்கோ இருந்தது என்று அர்த்தம். இப்படி லட்சக்கணக்கான கோடுகளைச் சேர்த்தால் படம் கிடைக்கும்.

எந்திரத்தைக் கட்டியவர்கள் இயற்பியலாளர்கள். மருத்துவர் அங்கே என்ன செய்தார்? கிடைத்த எண்களுக்கு உடலின் மொழியில் பொருள் சொன்னார். இவ்வளவு கதிர் இங்கிருந்து வந்தது என்பதிலிருந்து, இந்த இடத்தில் நிமிடத்துக்கு இவ்வளவு ரத்தம் பாய்கிறது, இவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று சொல்வதற்குக் கணக்கு முறைகள் வேண்டும், சோதனைகள் வேண்டும். ரெய்க்லியின் முதல் பத்து பதினைந்து ஆண்டுகள் பெரும்பாலும் இதில்தான் போயின. வெளியில் தெரியாத உழைப்பு இது. துறைக்குள் வர நினைக்கும் இளைஞர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்: வண்ணப்படம் பிறகு வரும், அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே ஆண்டுகள் கழியும்.

அந்த அளவுகளில் ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்வோம், மீதிக் கதை முழுக்க அதைச் சுற்றித்தான் போகிறது. ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனில் எத்தனை பங்கை மூளை எடுத்துக்கொள்கிறது என்ற விகிதம் அது. சாதாரணமாகச் சுமார் 40 சதவீதம். மீதி, வந்த ரத்தத்தோடேயே திரும்பிப் போய்விடும். குழாயில் தண்ணீர் தாராளமாக வரும் நாளில் நாம் இரண்டு குடம் பிடித்துக்கொண்டு விட்டுவிடுவோம். வரத்து குறைந்த நாளில் சொட்டு விடாமல் பிடிப்போம் அல்லவா? மூளையும் அப்படித்தான். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் கரோட்டிட் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், வரும் ரத்தம் குறைகிறது. மூளை அதிலிருந்து கூடுதல் பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே இந்த விகிதம் ஏறியிருந்தால் அந்த மூளை விளிம்பில் நிற்கிறது, பக்கவாதம் வரலாம் என்று மருத்துவர் பயப்பட வேண்டும். இது முழுக்க முழுக்க நோயாளிக்காக எடுத்த அளவு.

1986இல் பீட்டர் ஃபாக்ஸும் ரெய்க்லியும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். விரல்களில் அதிர்வைத் தூண்டி, அதை உணரும் மூளைப் பகுதியை அளந்தார்கள். ரத்த ஓட்டம் 29 சதவீதம் கூடியது. ஆனால் ஆக்சிஜன் செலவு 5 சதவீதம்தான் கூடியது. தேவைக்கு ஏற்ப ரத்தம் வரும் என்பதுதான் நூறாண்டாக எல்லோரும் நம்பியது. இங்கே தேவைக்கு மேல் பல மடங்கு வந்து கொட்டுகிறது. அப்படியானால் வேலை செய்யும் பகுதியில் அந்த விகிதம் இறங்க வேண்டும். திரும்பிப் போகும் ரத்தத்தில் ஆக்சிஜன் வழக்கத்தைவிட அதிகம் மிஞ்ச வேண்டும்.

அந்த மிச்சம்தான், வலுவான காந்தத்தைக் கொண்டு படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. மூளையின் இயக்கத்தையும் காட்ட வழி திறந்தது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் சிறு காந்தம் போல் நடந்துகொள்ளும். ஆக்சிஜன் ஏறியது அப்படி நடக்காது. 1990இல் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா இந்த வித்தியாசத்தை எம்.ஆர்.ஐ. படத்தில் எலிகளிடம் காட்டினார். 1992இல் மனிதர்களிடமும் அது வேலை செய்தது. ஊசி வேண்டாம், கதிரியக்கம் வேண்டாம். எஃப்.எம்.ஆர்.ஐ. என்று இன்று உலகம் முழுக்கச் செய்யும் சோதனை இதுதான்.

இதற்கிடையில், மனம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய விரும்பிய உளவியலாளர்கள் செயின்ட் லூயிஸுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் மைக்கேல் போஸ்னர். அவரும் ஸ்டீவன் பீட்டர்சனும் ரெய்க்லியோடு சேர்ந்து 1988இல் வெளியிட்ட ஆய்வு, கழித்தல் முறையில் அமைந்தது. முதலில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லி ஒரு படம். அடுத்து திரையில் தோன்றும் சொல்லைச் சும்மா பார்க்க வேண்டும். அடுத்து அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசியில் அந்தப் பொருளை என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டும்; நம் மொழியில் என்றால், 'கத்தி' என்று வந்தால் 'வெட்டு' என்பது மாதிரி. ஒவ்வொரு படத்திலிருந்தும் அதற்கு முந்தையதைக் கழித்தால், சேர்ந்த வேலைக்கு உரிய இடம் மட்டும் எஞ்சும். பார்ப்பது, பேசுவது, பொருள் தேடுவது என ஒவ்வொன்றும் வெவ்வேறு இடங்களில் தெரிந்தன.

ஒரு மருத்துவரின் வளர்ச்சியில் இது எனக்குப் பிடித்த கட்டம். எந்திரத்தை இயற்பியலாளரிடமிருந்தும் கேள்வி கேட்கும் முறையை உளவியலாளரிடமிருந்தும் வாங்கிக்கொள்கிறார். இருவருக்கும் புரியும்படி நடுவில் நிற்கிறார். இந்தத் துறையில் தனி மனிதராக எதையும் சாதிக்க முடியாது. கட்டுரையில் பெயர் வரிசை நீளமாக இருப்பது அதனால்தான்.

கழித்தலில் ஒரு சிக்கல் வந்தது. சில இடங்களில் விடை எதிர்மறை எண்ணாக வந்தது. அதாவது, வேலை கொடுத்ததும் அந்த இடங்களில் ரத்த ஓட்டம் குறைந்தது. எந்த வேலையைக் கொடுத்தாலும் ஏறக்குறைய அதே இடங்கள்: நெற்றிக்குப் பின்னால் நடுப்பகுதி, மூளையின் பின்பக்க நடுப்பகுதி, இன்னும் சில. பலரும் இதைக் கண்டுகொள்ளவில்லை. ரெய்க்லி அந்தப் படங்களைத் தனி ஃபோல்டரில் சேர்த்துவைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் எம்.எம்.பி.ஏ.; பின்பக்க நடுப்பகுதியில் உள்ள மர்ம இடம் என்று பொருள்படும் சொற்களின் முதலெழுத்துகள். ஆண்டுக்கணக்கில் அந்த ஃபோல்டர் நிறைந்துகொண்டே வந்தது. 1997இல் கோர்டன் ஷுல்மன் ஒன்பது பெட் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்தக் குறைவு தற்செயல் இல்லை என்று தெளிவானது.

ஆனால் ஒரு சந்தேகம் எழும், அது நியாயமான சந்தேகம். வேலையில்லாமல் படுத்திருக்கும்போது மனம் எதையாவது நினைத்துக்கொண்டுதானே இருக்கும்? அப்போது அந்த இடங்கள் 'கூடுதலாக' இயங்குகின்றன, வேலை வந்ததும் அந்தக் கூடுதல் நின்றுபோகிறது, அவ்வளவுதானே? இயல்பு நிலை எது, கூடுதல் எது என்று எதை வைத்துச் சொல்வது? ரத்த ஓட்டத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

விடை பக்கவாத நோயாளிகளுக்காக அளந்துவந்த அந்த விகிதத்தில் இருந்தது. 1986இன் கண்டுபிடிப்பை நினைவில் வையுங்கள்: ஒரு பகுதி கூடுதலாக இயங்கினால் அங்கே விகிதம் இறங்க வேண்டும். சும்மா படுத்திருப்பவர்களின் மூளையில் அளந்தார்கள். மர்ம இடங்களில் விகிதம் இறங்கவே இல்லை. மூளையின் மற்ற இடங்களைப் போலவே இருந்தது. அப்படியானால் அது கூடுதல் இயக்கம் இல்லை. அதுதான் அவற்றின் இயல்பு நிலை. வேலை வரும்போது அதிலிருந்து இறங்குகின்றன. 2001இல் வெளியான அந்தக் கட்டுரை இதற்கு 'டிஃபால்ட் மோட்', அதாவது மூளையின் இயல்பு நிலை இயக்கம், என்று பெயரிட்டது. அதை எழுதியவர்களில் வில்லியம் பவர்ஸ் என்ற பக்கவாத மருத்துவரும் ஒருவர். வார்டில் எடுத்த அளவு மனத்தைப் பற்றிய ஒரு கேள்வியைத் தீர்த்துவைத்தது. பேராசிரியர் மருத்துவர் என்ற பதவி ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கட்டுரையைத்தான் காட்டுவேன்.

மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். உடலின் சக்தியில் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. கடினமான கணக்கைப் போடும்போது அந்தச் செலவு கூடும் என்று நினைப்போம். 1955லேயே லூயிஸ் சோகோலோஃப் குழு மனக்கணக்கு போடச் சொல்லி அளந்தது. மூளையின் மொத்த ஆக்சிஜன் செலவு மாறவில்லை. நாம் கவனம் செலுத்தும் வேலை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பெரிய செலவின் மேல் ஒரு சின்னச் சேர்க்கை மட்டுமே.

2001க்குப் பிறகு வேலை வேகம் பிடித்தது. 1995இல் பாரத் பிஸ்வால் என்ற இந்திய ஆய்வாளர், விஸ்கான்சினில் ஆய்வு மாணவராக இருந்தபோதே, சும்மா படுத்திருக்கும் மூளையின் இடதும் வலதுமான அசைவுப் பகுதிகள் சேர்ந்தே ஏறி இறங்குவதை எஃப்.எம்.ஆர்.ஐ.யில் காட்டியிருந்தார். அந்த முறையை வைத்து 2003இல் ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் கிரைசியஸ், இவரும் நரம்பியல் மருத்துவர்தான், மர்ம இடங்கள் எல்லாம் ஒரே வலைப்பின்னலாகச் சேர்ந்து இயங்குவதைக் காட்டினார். அடுத்து, அல்சைமர் நோயில் அமிலாய்டு புரதம் படியும் இடங்கள் இந்த வலைப்பின்னலோடு பெரிதும் ஒத்துப்போவதும் தெரியவந்தது. 2014இல் ரெய்க்லிக்கு பிரெண்டா மில்னர், ஜான் ஓ'கீஃப் என்ற மூளை ஆய்வாளர்களோடு சேர்த்து, நரம்பியல் ஆய்வுக்கான காவ்லி பரிசு கிடைத்தது.

பரிசுகளைவிட அன்றாடம் எப்படி இருக்கும் என்பதுதான் துறைக்கு வர நினைப்பவர்களுக்குப் பயன்படும். அமெரிக்காவில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர் தம் ஆய்வுக்கான பணத்தைப் பெரும்பாலும் தாமே தேட வேண்டும். மருத்துவ ஆய்வுக்கு அரசுப் பணம் தரும் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு (என்.ஐ.எச்.) விண்ணப்பம் எழுத வேண்டும். அதே துறையைச் சேர்ந்த மற்ற ஆய்வாளர்கள் அதைப் படித்து மதிப்பெண் போடுவார்கள். பெரும்பாலான விண்ணப்பங்கள் முதல் முறையில் தேறாது. கிடைத்தாலும் சில ஆண்டுகளுக்குத்தான். அதற்குள் விளைவு காட்டி மறுபடி எழுத வேண்டும். நடுநடுவே இரவுப் பணி, நோயாளியின் குடும்பத்தாரோடு பேச்சு, மாணவரின் ஆய்வேட்டைத் திருத்துவது. தனியார் மருத்துவமனையில் இதே படிப்புக்குக் கூடுதல் சம்பளம் கிடைக்கும். கேள்வி பிடித்துக்கொண்டவர்கள் இருப்பார்கள், மற்றவர்கள் போய்விடுவார்கள். போவதில் தவறு ஒன்றும் இல்லை.

அந்த ஆக்சிஜன் விகிதத்தின் கதையை முடித்துவிடுகிறேன். கரோட்டிட் அடைப்பு உள்ளவர்களில், விகிதம் ஏறியிருப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து கூடுதல் என்று செயின்ட் லூயிஸ் மருத்துவர்கள் 1998இல் உறுதிப்படுத்தினார்கள். சரி, அப்படியானால் தலையின் வெளிப்புற ரத்தக்குழாயை உள்ளே இருப்பதோடு இணைத்து மாற்றுப்பாதை போட்டால் ஆபத்து குறையும்தானே? பவர்ஸ் தலைமையில் பெரிய சோதனை நடந்தது. பெட் ஸ்கேன் எடுத்து, விகிதம் ஏறியிருந்த 195 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சை, பாதிப் பேருக்கு மருந்து மட்டும். பலன் இல்லை என்று தெரிந்ததும் 2010இல் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இரண்டு ஆண்டுகளில் பக்கவாதம் வந்தவர்கள் அறுவை சிகிச்சைக் குழுவில் 21 சதவீதம், மருந்துக் குழுவில் 22.7 சதவீதம். மாற்றுப்பாதை போட்டதும் ரத்த ஓட்டம் சீரானது உண்மை. ஆனால் அறுவை சிகிச்சை நடந்த முதல் மாதத்திலேயே பலருக்குப் பக்கவாதம் வந்து, கிடைத்த நன்மையை அது விழுங்கிவிட்டது. தம் வாழ்நாள் அளவையே அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை பலன் தரவில்லை என்பதை அந்த மருத்துவர்களே 2011இல் எண்களோடு வெளியிட்டார்கள். அதன்பிறகு இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் சிகிச்சையே முதலிடம் பிடித்தது.